சிறு விமானத்தில் ஷீல்டு ஒயர்: எங்கே வேண்டும், எங்கே வீண்

ஹெட்செட்டில் கீச்சென்று ஓர் ஓசை. என்ஜின் வேகம் ஏற ஏற அந்தக் கீச்சலும் ஏறுகிறது. சொந்தமாக விமானம் கட்டுகிற பலருக்கு உடனே தோன்றும் வைத்தியம், "எல்லா ஒயரையும் ஷீல்டு ஒயராக (உலோகப் பின்னல் உறை போட்ட ஒயராக) மாற்றிவிடலாம்" என்பது. காசு போகும், எடை கூடும், கீச்சல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். ஏனென்றால் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) எழுப்பும் இந்தக் கீச்சலுக்கும் ஷீல்டுக்கும் அநேகமாக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இங்கே பேசப்போவது 14 வோல்ட் அமைப்பு, நான்கு சிலிண்டர் லைகாமிங் என்ஜின், இரண்டு மேக்னட்டோ (பேட்டரி இல்லாமலே ப்ளக்குக்குப் பொறி தரும் கருவி) கொண்ட வேன்ஸ் ஆர்வி மாதிரியான, சொந்தமாகக் கட்டும் இரு இருக்கை விமானத்தைப் பற்றி. செஸ்னா 172 போலத் தொழிற்சாலையில் சான்று பெற்று வந்த விமானம் என்றால், தயாரிப்பாளரின் ஒயரிங் படம்தான் வேதம். அதில் ஷீல்டு போட்டிருந்தால் ஷீல்டு. ஷீல்டு எங்கே கிரவுண்ட் ஆகிறது என்று காட்டியிருக்கிறதோ அங்கேதான் கிரவுண்ட். நம் அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை.

இரைச்சல் ஓர் ஒயரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மூன்று வழிகள் உண்டு. முதலாவது மின்புலம். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்கள் சேர்ந்து ஒரு குட்டி கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. ஒன்றில் வோல்டேஜ் சட்டென்று எகிறினால் மற்றதில் அதன் நிழல் விழும். செம்புப் பின்னல் போட்ட ஷீல்டு இதைத்தான் தடுக்கிறது. இதில் அது கெட்டிக்காரன். இரண்டாவது காந்தப்புலம். கரண்ட் மாறும்போது பக்கத்து வளையத்தில் வோல்டேஜ் தூண்டப்படும். ஷீல்டுப் பின்னல் வெள்ளீயம் பூசிய செம்பு. காதுக்குக் கேட்கும் அதிர்வெண்களில் காந்தப்புலம் அதைச் சட்டைசெய்யாமல் ஊடுருவிப் போகும். இதற்கு மருந்து, போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்குவது, அல்லது தள்ளி வைப்பது. மூன்றாவது, பொது கிரவுண்ட். இரண்டு கருவிகளின் கரண்ட் ஒரே உலோகத் துண்டு வழியாக பேட்டரிக்குத் திரும்பினால், ஒன்றின் கரண்ட் ஏற்றும் வோல்டேஜ் மற்றதன் சிக்னலில் கலந்துவிடும். இதற்கு உலகத்தில் உள்ள ஷீல்டு எல்லாம் சேர்ந்தாலும் பயனில்லை. சிறு விமானங்களில் அதிகம் தொல்லை தருவது இந்த மூன்றாவதுதான்.

ஆல்டர்னேட்டர் கீச்சல் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டால் இது புரியும். கார் வகை ஆல்டர்னேட்டர்களில் பெரும்பாலும் 12 துருவங்கள், அதாவது 6 ஜோடி. மூன்று ஃபேஸை டயோடு வழியாக நேர்மின்னோட்டமாக மாற்றும்போது, ஒவ்வொரு ஜோடிக்கும் 6 வீதம் சுற்றுக்கு 36 அலைகள் மிஞ்சும். ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 சுற்று, அலைகள் 3,600. காது நன்றாகக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது அந்த ஓசை. அது பஸ்பார் (எல்லாக் கருவிக்கும் பவர் பிரித்துத் தரும் உலோகப் பட்டை) வழியாகவும் கிரவுண்ட் வழியாகவும் நடந்தே வருகிறது, காற்றில் தாவி வருவதில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பவர் கொண்டுவரும் கனத்த பி-லீடுக்கு (B) ஷீல்டு போட்டால் நடந்து வருகிறவனுக்குக் குடை பிடித்த கதைதான். கிரவுண்டைச் சரிசெய்யுங்கள், அதன் பிறகும் கேட்டால் அந்தக் கருவியின் பவர் ஒயரில் ஃபில்டர் போடுங்கள்.

அப்படியானால் ஷீல்டு கட்டாயம் வேண்டிய இடம் எது? மேக்னட்டோவிலிருந்து சுவிட்சுக்கு வரும் ஒயர். (இதற்கு ஆங்கிலத்தில் P-லீடு என்று பெயர். தமிழில் எழுதினால் இதுவும் பி-லீடுதான். குழப்பம் வேண்டாம், இனி அதைக் கில் ஒயர் என்போம்.) பாயின்ட் (மேக்னட்டோவுக்குள் திறந்து மூடும் தொடுமுனை) திறக்கும் ஒவ்வொரு முறையும் மேக்னட்டோவின் பிரைமரி சுருளில் வோல்டேஜ் இருநூறைத் தாண்டி எகிறி, கூர்மையாக ஊசலாடும். நான்கு சிலிண்டர் என்ஜின் 2,400 சுற்றில் ஓடும்போது ஒரு மேக்னட்டோவுக்கு நொடிக்கு 80 பொறி. கில் ஒயர் ஷீல்டு இல்லாமல் ஃபயர்வாலை (என்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பு) தாண்டி பேனலுக்குள் ரேடியோ ஒயர்களோடு சேர்ந்து ஓடினால், அது ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். விமான வி.எச்.எஃப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இன்றும் ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. எஃப்.எம். போல இரைச்சலை விழுங்கும் குணம் அதற்கு இல்லை. டப டப என்று என்ஜின் வேகத்தோடு சேர்ந்து கேட்கும்.

மேக்னட்டோவின் குணம் ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. அதை அணைப்பது என்றால் கரண்டைத் துண்டிப்பது இல்லை. கில் ஒயரைக் கிரவுண்டோடு சேர்ப்பது. ஒயர் அறுந்தால் மேக்னட்டோ அணையாது, உயிரோடு இருக்கும். பறக்கும்போது இது வரம். தரையில் யாராவது புரொப்பல்லரைக் கையால் நகர்த்தும்போது இதுவே எமன். அதனால் இந்த ஒயரின் ஷீல்டை இரைச்சல் சமாச்சாரமாக மட்டும் பார்க்காதீர்கள், உயிர்ச் சமாச்சாரம்.

சொந்தக் கட்டுமானத்தில் நான் சரியென்று சொல்லும் முறை இது. 18 அல்லது 20 கேஜ் (ஒயரின் தடிமன் எண்), ஒரே கோர், ஷீல்டு கேபிள். மேக்னட்டோ பக்கம் உள் ஒயர் கெப்பாசிட்டர் முனைக்கு. ஷீல்டின் வால் (பின்னலின் முனையிலிருந்து எடுக்கும் இணைப்பு) மேக்னட்டோ உடலிலேயே உள்ள கிரவுண்ட் ஸ்க்ரூவுக்கு. சுவிட்ச் பக்கம் உள் ஒயர் அந்தந்த மேக்னட்டோ முனைக்கு. ஷீல்டின் வால் சுவிட்சின் கிரவுண்ட் முனைக்கு. அந்தக் கிரவுண்ட் முனையிலிருந்து விமான உடலுக்கு வேறு ஒயர் எதுவும் போகக் கூடாது. சுவிட்ச், ஷீல்டு வழியாகவே மேக்னட்டோவுக்குத் திரும்புகிறது. பொறியின் கரண்ட் புறப்பட்ட ஒயரைச் சுற்றியே திரும்பிவிடுவதால் வெளியே கசிய வளையம் இல்லை.

ஷீல்டை இரு முனையிலும் உடலோடு சேர்த்தால் என்ன கெடும்? என்ஜினுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள தடித்த கிரவுண்ட் பட்டை ஒரு நாள் தளரும் அல்லது துருப்பிடிக்கும். அன்று ஸ்டார்ட்டர் இழுக்கிற 150, 200 ஆம்பியர் வேறு வழி தேடும். த்ராட்டில் கேபிளின் உறை ஒரு வழி, கில் ஒயரின் மெல்லிய பின்னல் இன்னொரு வழி. பின்னல் எரிந்து, உள் ஒயரின் இன்சுலேஷனும் உருகும்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஷீல்டே கிரவுண்ட் பாதை ஆகிவிட்டதால், அந்த வால் எந்தப் பக்கம் அறுந்தாலும் மேக்னட்டோவை அணைக்க முடியாமல் போகலாம். ஆகவே என்ஜினை நிறுத்தும் முன் ஐடிலில் சாவியை ஒரு கணம் ஆஃப் செய்து, என்ஜின் சாகத் தொடங்குகிறதா என்று பார்த்துத் திருப்பி வைக்கிற பழக்கம் வேண்டும். பறக்கப் புறப்படுமுன் செய்யும் மேக்னட்டோ சோதனையிலும் கண் வையுங்கள். செஸ்னா 172எஸ் கையேட்டின்படி, 1,800 சுற்றில் ஒரு மேக்னட்டோவை அணைத்தால் வேகம் 150 சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் கூடாது. பலரும் அதிகம் இறங்கினால்தான் பதறுகிறார்கள். சுத்தமாக இறங்காவிட்டால்தான் உண்மையில் பதற வேண்டும்; அந்த மேக்னட்டோ அணையவே இல்லை என்று பொருள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு கண்ணி காத்திருக்கிறது. பாயின்ட் மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் பிரைமரி சுருளின் தடை ஒரு ஓமுக்குப் பக்கம்தான். மேக்னட்டோவோடு ஒயர் இணைந்திருக்கும்போது அளந்தால் எப்போதும் "கிரவுண்ட் ஆகியிருக்கிறது" என்றே மீட்டர் சொல்லும். மேக்னட்டோ பக்கம் உள் ஒயரைக் கழற்றுங்கள். கழற்றிய அந்தக் கணத்திலிருந்து மேக்னட்டோ உயிரோடு இருப்பதாகவே நினைத்து, ப்ளக் ஒயர்களையும் எடுத்துவிட்டுத்தான் மேலே வேலை. இப்போது உள் ஒயருக்கும் ஷீல்டுக்கும் நடுவே, சாவி ஆஃபில் சுழியம், இரண்டும் ஆனில் முடிவிலி காட்ட வேண்டும்.

பொறியின் இன்னொரு பாதி ப்ளக்குக்குப் போகும் உயர் அழுத்த ஒயர்கள். அங்கே ஷீல்டு போடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. விமான ப்ளக்கின் மேற்பகுதி கார் ப்ளக் போல வெள்ளைப் பீங்கானாக நீட்டிக்கொண்டிருக்காமல் திருகுள்ள உலோகக் குழாயாக இருப்பதே, பின்னலை அங்கே கொண்டுவந்து நட்டால் இறுக்கி முடிப்பதற்காகத்தான். புது விமானத்தில் மேக்னட்டோ இரைச்சல் கேட்டால் கில் ஒயரைப் பார்க்கலாம். பழைய விமானத்தில் அது புதிதாகக் கேட்கத் தொடங்கினால் முதலில் இந்த நட்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடம் மைக். விமான மைக்கின் சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அந்த ஒயர் பேனலுக்குப் பின்னால் எல்லாக் கூட்டத்தோடும் ஓடியாக வேண்டும். ஆக ஷீல்டு நியாயம். 22 கேஜ், மூன்று கோர்: மைக் சிக்னல், பேச அழுத்தும் பொத்தான், மைக் கிரவுண்ட். கிரவுண்டுக்குத் தனிக் கோர் இருப்பதைக் கவனியுங்கள். ஷீல்டையே கிரவுண்ட் ஒயராகப் பயன்படுத்தி இரண்டு கோரோடு முடிப்பவர்கள் உண்டு, அது வேலையும் செய்யும். ஆனால் கவசத்துக்குச் சிக்னல் சுமக்கிற வேலையைக் கொடுக்காமல் இருந்தால் நல்லது. ஷீல்டு இன்டர்காம் பக்கம் மட்டும் இணையட்டும். ஜாக் பக்கம் அதை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு ஜாக்கை அலுமினியப் பேனலில் நேராக முடுக்கினால் எல்லாம் போச்சு. ஜாக்கின் உடல்தான் மைக் கிரவுண்ட். பேனலைத் தொட்டதுமே பொது கிரவுண்ட் சங்கதி ஆரம்பிக்கும். 100 வாட் லேண்டிங் லைட் 14 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கிறது. அது உடல் வழியாகத் திரும்பும் பாதையில் ஏதோ ஒரு ரிவெட் மூட்டில் 5 மில்லிஓம் தடை இருந்தால் 35 மில்லிவோல்ட். மைக் சிக்னலோடு அது சேர்ந்தால் காதில் விழும். லைட்டின் கரண்ட் சீராக இருப்பதால் போடும்போதும் அணைக்கும்போதும் ஒரு டக் மட்டும் கேட்கும். அதுவே துடிக்கிற விளக்காக இருந்தால் துடிப்பு ஒவ்வொன்றும் கேட்கும். ஜாக்குக்கு என்றே தோள் வைத்த ஃபைபர் வாஷர் விற்கிறார்கள், இருபுறமும் ஒன்று. மைக் ஜாக் 0.206 அங்குலம், ஹெட்ஃபோன் ஜாக் கால் அங்குலம். பேனலில் துளை போடும்போதே வாஷரின் தோளுக்கும் இடம் விட்டுப் போடுங்கள். பிறகு துளையை அரத்தால் ராவிக்கொண்டு பேனலுக்கு அடியில் படுத்திருக்கிற துன்பம் மிச்சம்.

ஹெட்ஃபோன் ஒயரில் சிக்னல் பலமானது, ஷீல்டு இல்லாமலும் பிழைக்கும். மைக் ஒயரோடு ஒரே கட்டாகப் போவதால் அதற்கும் போட்டுவிடுவது வழக்கம். நானும் அதை எதிர்க்கமாட்டேன்.

மூன்றாவது, பழைய செனான் ஸ்ட்ரோப். பவர் சப்ளை பெட்டியிலிருந்து இறக்கை நுனிக் குழாய்க்குப் போகும் ஒயரில் 400 வோல்ட்டுக்கு மேல் துடிப்பு ஓடும். மூன்று கோர் ஷீல்டு கேபிள், ஷீல்டு பவர் சப்ளை பக்கம் மட்டும் கிரவுண்ட். குழாய்ப் பக்கமும் இணைத்தால் அந்தத் துடிப்பின் ஒரு பகுதி இறக்கைத் தகடு வழியாகத் திரும்பும். இதில் கை வைக்கும் முன் அணைத்துவிட்டு, குறைந்தது 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர் சார்ஜோடு இருக்கும். எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு உயர் வோல்டேஜ் போய்விட்டது, ஆனால் அதற்குள் இருக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் வேறு ராகம் பாடுகிறது. சில மலிவான விளக்குகளைப் போட்டதும் ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது ரேடியோவின் வாயை அடைக்கும் அமைப்பு) தானாகத் திறந்துகொள்ளும். விளக்கைத் தயாரித்தவர் ஷீல்டு கேட்டால் போடுங்கள்.

இங்கே ஒரு பெரிய சண்டை வரும்: ஷீல்டை ஒரு முனையில் கிரவுண்ட் செய்வதா, இரண்டிலுமா? இரு கட்சியும் சரி, பேசுகிற அதிர்வெண் வேறு. ஆடியோவில் மின்புலத்தைத் தடுக்க ஒரு முனை போதும், இரண்டாவது முனை கிரவுண்ட் வளையத்தைத்தான் உண்டாக்கும். ரேடியோ அதிர்வெண்ணில் கதை வேறு. 125 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 மீட்டர். ஒரு முனையில் மட்டும் கட்டிய 60 சென்டிமீட்டர் ஷீல்டு சரியாகக் கால் அலைநீளம். அதாவது அது ஓர் ஆன்டெனா. அதனால்தான் ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் பின்னல் இரு முனையிலும் கனெக்டரைச் சுற்றி முழுவட்டமாக இணைகிறது. ஏ.ஆர்.ஐ.என்.சி. 429 (விமானக் கருவிகள் தரவு பரிமாறும் தரநிலை) தரவு ஒயரின் முறுக்கிய ஜோடிக்கும் அந்தத் தரநிலை இரு முனை கிரவுண்டைத்தான் கேட்கிறது.

முனையில் விடும் வாலின் நீளமும் இதே கணக்கில் அடங்கும். நேர் ஒயருக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்ரி. 5 சென்டிமீட்டர் வால் என்றால் 50 நானோஹென்ரி. 125 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 39 ஓம். ஷீல்டைக் கிரவுண்டோடு சேர்த்ததாக நாம் நினைத்திருக்க, நடுவே 39 ஓம் உட்கார்ந்திருக்கும். ஆடியோவுக்கு இதே வால் ஒரு பொருட்டே இல்லை.

வால் செய்யும் முறை: மேலுறையைச் சுற்றிலும் லேசாகக் கீறி, வளைத்து உடைத்து எடுங்கள். முழு ஆழத்துக்கு வெட்டினால் பின்னலின் இழைகள் அறுபடும். 8 முதல் 10 மில்லிமீட்டர் பின்னல் தெரிந்தால் போதும். அதன் மேல் சால்டர் ஸ்லீவை (சால்டர் வளையம் உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய்) நடுவில் வைத்து, வளைந்த ரிஃப்ளெக்டர் மாட்டிய ஹீட் கன்னால் சூடுகாட்டுங்கள். உள்ளே உள்ள சால்டர் வளையம் உருகிப் பின்னலுக்குள் இறங்கித் தட்டையாக வேண்டும். வளையத்தின் உருவம் இன்னும் தெரிந்தால் பாதி வெந்த சோறு. ஆறும்வரை அசைக்காதீர்கள். ஸ்லீவ் இல்லாவிட்டால் பின்னலை ஊசியால் விரித்து, உள் ஒயரைப் பக்கவாட்டில் வெளியே இழுத்து, காலியான பின்னலை முறுக்கி வாலாக்கலாம். கெடுவது எங்கே என்றால், ஒற்றை இழை ஒன்று தப்பி உள் ஒயரின் இன்சுலேஷனைக் குத்தும். கில் ஒயரில் இது நடந்தால் மேக்னட்டோ செத்துவிடும், அதுவும் என்ஜின் அதிரும்போது மட்டும். என்ஜின் பக்கத்து முனையில் சால்டர் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். 5 சென்டிமீட்டருக்குள் ஒரு கிளாம்ப் கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும்.

ஷீல்டு தேவையே இல்லாத ஒயர்கள்: நேவிகேஷன் லைட், லேண்டிங் லைட், பிட்டோ ஹீட், ஃப்யூயல் பம்ப், ஃபிளாப் மோட்டார், ஸ்டார்ட்டர், பேட்டரி கேபிள். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் இரண்டு மீட்டர் ஓடும் ஆர்.எஸ்.-232 தரவு ஒயருக்கும் வேண்டாம். காம்பஸ் பக்கத்தில் ஓடும் விளக்கு ஒயருக்கு ஷீல்டு போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நேர்மின்னோட்டத்தின் காந்தப்புலம் செம்பைக் கண்டு நிற்காது. போகும் ஒயரையும் வரும் ஒயரையும் முறுக்கினால் முள் அசையாது.

பேசும் பொத்தானை அழுத்தியதும் ஃப்யூயல் கேஜ் துள்ளுகிறது, ஆட்டோபைலட் உலுக்குகிறது என்றால், துள்ளுகிற கருவியின் ஒயரை ஷீல்டாக மாற்றுவதற்கு முன் ஆன்டெனாவைப் பாருங்கள். அடித்தகடு பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கலாம், கனெக்டரில் பின்னல் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இருக்கலாம். அப்போது கோஆக்ஸின் வெளிப்புறமே அலை பரப்பும். ஃபைபர் விமானத்தில் ஆன்டெனாவுக்கு அடியில் சுமார் 60 சென்டிமீட்டர் நீளத்துக்குச் செம்புப் பட்டைகளை ஒட்டி, தரைத்தளம் ஒன்றை நாமே உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானியின் கை கால் வரை எல்லாமே ஆன்டெனாவின் மறுபாதிதான்.

வாங்கும் முன் இரைச்சல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். ரேடியோவின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது வால்யூமுக்குப் பின்னால், அதாவது ஹெட்ஃபோன் ஒயர், இன்டர்காம் அல்லது கிரவுண்ட் வழியாக நுழைகிறது. வால்யூமோடு குறைந்தால் ஸ்க்வெல்ச்சைத் திறந்து வைத்து ஆன்டெனா கோஆக்ஸைக் கழற்றுங்கள் (அந்த நிலையில் பேசும் பொத்தானைத் தொடக் கூடாது). நின்றுவிட்டால் அது காற்று வழி வருகிறது. இன்னும் கேட்டால், ரேடியோவை மட்டும் தனி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி பவர் ஒயர். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஃபீல்டு பிரேக்கரை இழுத்தால் கீச்சல் நிற்கிறதா, சாவியை இடது வலது என்று மாற்றினால் டப டப மாறுகிறதா என்று பார்ப்பது அடுத்தது. இதில் "காற்று வழி" என்றும் "மேக்னட்டோ" என்றும் விடை வந்தால்தான் ஷீல்டு ஒயரைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

கடையில் கேட்கும் எண்: எம்27500-22டிஜி3டி14 (M27500-22TG3T14). 22 என்பது கேஜ். டிஜி உள் ஒயரின் வகை, டெஃப்செல் என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன். 3 கோர்களின் எண்ணிக்கை. அடுத்த டி வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல். 14 வெள்ளை டெஃப்செல் மேலுறை. டெஃப்செல் 150 டிகிரி செல்சியஸ் தாங்கும். ஆடியோ கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. மைக் கேபிள் எரிந்தால் எழும் புகை ஒரு சின்னக் காக்பிட்டுக்கு அதிகம். கில் ஒயருக்கு ஒரு கோர், ஒரு மேக்னட்டோவுக்கு 2 மீட்டர் வீதம் 4 மீட்டர். இரண்டு இருக்கைக்கு மைக், ஹெட்ஃபோன் என நான்கு ஓட்டம், தலா ஒன்றரை மீட்டர் வைத்தால் 6 மீட்டர். வால் செய்யக் கை பழகுவதற்கு ஒரு மீட்டரும் பத்து ஸ்லீவும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நிச்சயம் குப்பைக்குத்தான் போகும்.